மாலை போடும் முன் பெயின்டைப் பாருங்கள்

புதுக் கார் எடுத்தால் மதுரைக்காரர்களுக்கு நேரே பாண்டி கோயிலுக்குப் போய்ச் சந்தனம் வைக்கும் அவசரம். எனக்கும் இருந்தது. பானட்டில் பெயின்டுக்குள் தூசி சிக்கிய புள்ளிகளை மறுநாள் வெயிலில்தான் பார்த்தேன். ஷோரூமில் கேட்டால், "வெளியே எங்காவது பட்டிருக்கும்" என்றார்கள்.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த நிலையில் பாருங்கள். ஷோரூமின் பளபள விளக்கை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பகுதியையும் சாய்வாகப் பாருங்கள்: தூசிப் புள்ளி, வழிந்து உறைந்த பெயின்ட், ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம், பக்கத்துப் பகுதியோடு ஒத்துப்போகாத நிறம். லேசான ஆரஞ்சுத் தோல் பல புது வண்டிகளில் உண்டு. அதற்காகச் சண்டை போடுவது வீண்.

குறை தெரிந்தால் படம் எடுத்து, டெலிவரித் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப் பேச்சு தண்ணீரில் எழுதியது.

"பகுதி முழுவதையும் மீண்டும் அடித்துத் தருகிறோம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். கம்பெனியில் ரோபோ அடித்து, அதிக வெப்பத்தில் சுட்ட பெயின்டுக்கு ஒர்க்‌ஷாப் பெயின்ட் அநேகமாக ஈடாகாது. சிறு தூசிப் புள்ளியை 2000 அல்லது 3000 எண் நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) மெல்லத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே போதும். தேர்ந்த கை வேண்டும்; மேல்பூச்சு தலைமுடி அளவு தடிமன்கூட இருக்காது.

ஷோரூம்காரர்கள் மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.