பழைய கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

காத்தான்குடிப் பக்கம் சில வீடுகளில், வாப்பாவோ மாமாவோ குவைத்திலிருந்து கொண்டுவந்த ஈரான் கம்பளம் இன்னும் இருக்கிறது. அது கைநெசவுதானா என்று சந்தேகம் வந்தால் மேலே தெரியும் பூவைப் பார்க்காதீர்கள். ஒரு மூலையைப் புரட்டி முதுகைப் பாருங்கள்.

கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்பக்கப் பூ பின்னாலும் தெளிவாகத் தெரியும். சின்னச் சின்ன முடிச்சுகள், ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கும். அப்புறம் ஓரக் குஞ்சம். கைநெசவில் அது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனி, கம்பளத்துக்குள்ளிருந்தே வரும். தனியாக வைத்துத் தைத்திருந்தால் பெரும்பாலும் மெஷின் வேலை. பழுதுபார்த்த பழைய கம்பளத்திலும் தைத்திருப்பார்கள், அதனால் முடிச்சையும் சேர்த்தே பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கம்பளத்தில் நீலம் பாதி வழியில் வெளிறிப் போகும். பழுது என்று நினைத்து உம்மா பல வருடம் அந்தப் பக்கத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். கம்பளி நூலுக்குத் தவணை தவணையாகச் சாயம் போட்டால் வரும் நிறப் பட்டை அது, பெயர் அப்ராஷ். எனக்கு அந்தக் கம்பளத்திலேயே மிக அழகான இடம் அதுதான்.

மாரி காலத்தில் பொலித்தீனில் சுற்றவே வேண்டாம், ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். மடிக்காமல் உருட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் நிழலில் விரித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்.