கோத்தகிரி மழையில் ஆக்டேவ் நிறுவியது: என் அனுபவம்

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மழையளவுக் கணக்கை அலச, அந்தச் சமயத்தில்தான் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) மடிக்கணினியில் குனு ஆக்டேவ் போட்டேன். 1992-இல் ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கிய எண்கணக்கீட்டு மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது, இதே வேலைக்கான கட்டண மென்பொருளான மேட்லேப்பின் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளை ஆப்ட். 'ஆப்ட் இன்ஸ்டால் ஆக்டேவ்' பாதியில் அறுந்தால் பதற வேண்டாம். அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து மீதி மட்டும் இறங்கும்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு. மழையளவுக்குக் காமா பரவலை (மழை போன்ற அளவுகளுக்குப் பொருந்தும் புள்ளியியல் வளைவு) பொருத்திப் பார்க்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கூடுதல் பொதி தேவை. ஆக்டேவுக்குள்ளிருந்தே 'பிகேஜி இன்ஸ்டால்' கொடுத்தால், 'எம்கே-ஆக்ட்-ஃபைல்' இல்லை என்று நின்றுவிட்டது. சி++ நிரலைத் தொகுக்கும் (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்) அந்தக் கருவி தனி டெவலப்மென்ட் பொதியில் இருக்கிறது. அதைப் போட்டால் கம்பைலர் முதற்கொண்டு இறங்கும். எங்கள் சிக்னலுக்கு அது தாங்காது.

உபுண்டு களஞ்சியத்திலேயே தொகுத்து வைத்த 'ஆக்டேவ்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கிறது. அதை ஆப்ட் வழியாகவே போட்டு, ஆக்டேவைத் திறந்து 'பிகேஜி லோட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கொடுத்தேன். ஓடிவிட்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இந்த லோட் கட்டளை வேண்டும், ஆக்டேவ் திறக்கும்போதே படிக்கும் '.ஆக்டேவ்-ஆர்சி' கோப்பில் எழுதி வைத்தால் அதுவும் தேவையில்லை.