சண்டிகர் நாற்காலி வாங்குவதற்கு முன்: அசல், புதிய பதிப்பு, மலிவு நகல்

பக்கவாட்டில் பார்த்தால் கவராயம் விரித்தது போன்ற இரண்டு கால்கள், அவற்றின் மேல் அகலமான கை, இருக்கையிலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். காபிக் கடைகளிலும் புது வீட்டு வரவேற்பறைகளிலும் இன்று அடிக்கடி கண்ணில் படும் இந்த நாற்காலி 1950களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது அங்கிருந்த அரசு அலுவலகங்களுக்காகப் பிறந்தது. சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் உறவினரும் அந்தத் திட்டத்தில் அவருடைய கூட்டாளியுமான பியர் ஜான்னரேயும், யூலி சவுத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய மரச்சாமான் வரிசையில் இதுவும் ஒன்று. வெக்கைக்குக் காற்றோட்டம் தரப் பிரம்பு, பூச்சிக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்கத் தேக்கு. அலங்காரத்துக்காக ஒரு துண்டு மரம்கூட அதில் இல்லை.

சந்தையில் இது மூன்று வகையாகக் கிடைக்கிறது. அலுவலகங்களிலிருந்து வெளியேறிய பழைய அசல் ஒன்று. தங்கள் பெயரைச் சொல்லித் தரமாகச் செய்பவர்களின் புதிய பதிப்பு இன்னொன்று. பெங்களூரில் பாண்டம் ஹேண்ட்ஸ் செய்கிறது, இத்தாலியின் கசீனா 2019 முதல் ஜான்னரேக்கு மரியாதை என்ற பெயரில் ஒரு வரிசையை விற்கிறது. மூன்றாவது, ஜோத்பூர், சஹாரன்பூர் பட்டறைகளிலிருந்து நம் ஊர் ஆசாரியின் கொட்டகை வரை எங்கும் செய்யப்படும் நகல். நகல் வாங்குவதில் தவறே இல்லை. நகலை அசல் விலைக்கு வாங்குவதும், ரப்பர் மரத்தைத் தேக்கு விலைக்கு வாங்குவதும்தான் நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதுண்டு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவுசெய்த வடிவத்துக்குப் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு. பதிவு செய்யக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். எழுபது ஆண்டுப் பழைய இந்த வடிவத்தை யாரும் செய்யலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ ஒட்டி விற்பதும், போன மாதம் செய்ததை 1955இல் செய்தது என்று விற்பதும் மோசடி.

அசல் என்று சொல்லி விற்கும்போது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த நாற்காலிக்கு ஒரே தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. வரைபடத்தைக் கையில் கொடுத்துப் பல பட்டறைகளில் செய்யச் சொன்னார்கள். அதனால் இரண்டு அசல் நாற்காலிகள்கூட அளவில் அச்சு அசலாக ஒத்துப்போகாது. நிறுவன முத்திரையோ தயாரிப்பு எண்ணோ இருக்காது. ஆறு நாற்காலிகளும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

முதுகுச் சட்டத்தின் பின்புறம் பெயின்டால் எழுதிய எழுத்தும் எண்ணும் பல அசல்களில் உண்டு. எந்தத் துறை, எந்தக் கட்டடம், எத்தனையாவது சாமான் என்ற கணக்குக்காக எழுதியது. இதைத்தான் போலி செய்பவர்கள் முதலில் காப்பியடிக்கிறார்கள். கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பாருங்கள். உண்மையான பழைய எழுத்து மரத்தோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். கீறல் மரத்தில் ஓடும்போது எழுத்தையும் வெட்டிக்கொண்டு ஓடும். புதிதாக எழுதியது கீறலின் மேல் ஏறி, பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் இறங்கி நிற்கும்.

தேய்மானத்துக்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும். கையின் முன்நுனி, உள்ளங்கை படும் இடம், முதுகின் மேல்விளிம்பு ஆகியவைதான் வழவழப்பாகத் தேய வேண்டும். தினமும் தரை கழுவிய தண்ணீர் பட்டதால் கால்களின் அடிப்பகுதி கறுத்தோ இற்றோ போயிருக்கும். அங்கே புது மரம் ஒட்டுப் போட்டிருப்பதும் சகஜம். யார் கையும் படாத இருக்கையின் அடிப்புறம் கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டும். எல்லா விளிம்பும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் அது சாண்டர் மெஷினின் வேலை. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்றிரண்டு இருப்பதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், பிற்காலத்தில் பழுது பார்த்தபோது போட்டதாக இருக்கலாம். எல்லா ஸ்க்ரூவும் அப்படியே, துருவில்லாமல் பளபளத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரம்பு புதிதாக இருப்பது குறையல்ல. எழுபது ஆண்டு எந்தப் பின்னலும் தாங்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் காகிதம் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. இந்தச் சாமான்கள் வெளியே வந்த வழி, துறைகள் உடைந்த நாற்காலிகளைக் குவித்து வைத்துக் கழிவாக ஏலம் விட்டது. அப்படி வாங்கிய வெளிநாட்டு வணிகர்கள் பழுது பார்த்து ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்ற பிறகுதான் இங்கே விழித்துக்கொண்டார்கள். 2011 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் ஏலம் விடவும் தடை போட்டது. ஆக, 2011க்கு முந்தைய ஏல ஆணையின் நகல், அதில் துறையின் பெயர், பிறகு கைமாறிய ஒவ்வொரு முறைக்கும் ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். அலுவலகங்களிலிருந்து திருட்டுப் போனவையும் உண்டு. காகிதமில்லாத அசல் போலியைவிட ஆபத்தானது. அந்தத் தடை வந்த பிறகும் இவை கப்பலேறியதற்குக் காரணம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நாற்காலி போன்ற பொருள்களில் 100 ஆண்டு நிறைந்தவற்றை மட்டுமே தொல்பொருளாகக் கொள்கிறது. நம் நாட்டுத் தச்சர்கள் செய்த நல்ல வேலை இப்படிக் கைவிட்டுப் போனது வருத்தமான விஷயம்.

உட்கார்ந்து சாப்பிட, எழுத ஒரு நாற்காலி வேண்டும் என்பவருக்கு அசல் தேவையே இல்லை. நன்றாகச் செய்த புதியது அதைவிட உறுதியாக இருக்கும்.

நகலில் பார்க்க வேண்டியவை

விளம்பரச் சொற்களிலிருந்து தொடங்கலாம். ‘டீக் ஃபினிஷ்’ என்றால் தேக்கின் நிறம், தேக்கு மரம் அல்ல. ‘சாலிட் உட்’ என்றால் பிளைவுட் இல்லை என்று மட்டுமே அர்த்தம். மாமரமும் ரப்பர் மரமும் சாலிட் உட்தான். தேக்கு என்று சொன்னால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மரச்சட்டம் 8 கிலோ இருந்தால், தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்ற கணக்கில் அதில் ஏறக்குறைய 0.43 கன அடி மரம் இருக்கிறது. சரிவுக் கால்களை அறுப்பதில் சேதாரம் அதிகம். எடுத்த மரம் முக்கால் முதல் ஒரு கன அடி வரை ஆகியிருக்கும். உங்கள் ஊர் மரக்கடையில் தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்று கேளுங்கள். நாற்காலியின் விலை அந்த மரக்காசை ஒட்டியே நின்றால், கூலி, பிரம்பு, பாலிஷ், லாபம் எல்லாம் எங்கிருந்து வந்தன?

கடையில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். காலின் அடியில் குறுக்கு வெட்டு தெரியும். தேக்கில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். ரப்பர் மரத்தில் துளைகள் சிதறிக் கிடக்கும், மரமும் வெளிறியிருக்கும். சிறு துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்து ஒட்டிய ஜிக்ஜாக் கோடும் அடிக்கடி தெரியும். அடர்ந்த காபி நிறச் சாயம் பூசியிருந்தால் பெரும்பாலும் எதையோ மறைக்கத்தான்: வைரத்தோடு (மரத்தின் உறுதியான உள்பகுதி) கலந்த வெள்ளை (வெளிறிய வெளிப்பகுதி), புட்டி அடைத்த வெடிப்பு. தேக்கானாலும் வெள்ளைப் பகுதியைப் பூச்சி துளைக்கும். மாமரம், ரப்பர் மரம் என்றால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். காலடியில் மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது.

அடுத்தது ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை. இந்த நாற்காலி உடைவதற்கு முக்கியக் காரணம் இதுதான், யாரும் பார்ப்பதும் இல்லை. காலின் ரேகை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் ஓட வேண்டும். பலகையில் இடம் மிச்சம் பிடிக்கக் குறுக்காக அறுத்தால் ரேகை ஒரு சாண் தூரத்துக்குள் பக்கவாட்டில் வெளியேறிவிடும். கால்கள் மேலே சேரும் இடத்திலும், இருக்கைச் சட்டம் வந்து மாட்டும் இடத்திலும் அப்படி இருந்தால், கனமானவர் ஒருவர் பின்னால் சாய்ந்த அன்றைக்கு அதே கோட்டில் பிளக்கும். பெவிகால் வைத்து ஒட்டினாலும் நிற்காது.

இணைப்பில் கழுந்தும் துளையும் இருக்க வேண்டும். ஒரு மரத்தின் நுனியை நாக்கு போலச் செதுக்கி மற்றதன் துளையில் இறக்கிப் பசை வைப்பது. மலிவு நகலில் இரண்டு மரத்தையும் முட்டவைத்து ஸ்க்ரூ ஏற்றி, தலையின் மேல் புட்டி வைத்து பாலிஷ் அடித்துவிடுவார்கள். மூட்டுக்கு அருகே நிறம் மாறிய வட்டப் பொட்டு தெரிந்தால் உள்ளே ஸ்க்ரூ என்று சந்தேகப்படுங்கள். வட்டத்துக்குள் மர ரேகை தெரிந்தால் அது மர ஆணியாகவும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டைல்ஸ் தரையில் வைத்து எதிரெதிர் மூலைகளை அழுத்துங்கள். கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதுசிலேயே கிறீச் என்றால் ஒரு வெயில் காலம் கழித்து ஊஞ்சலாடும்.

ஈரம் பார்க்க ஊசி வைத்த மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஆறு நாற்காலி வாங்குபவருக்கு அது பெரிய செலவல்ல. இருக்கையின் அடியில், பாலிஷ் படாத இடத்தில் குத்திப் பாருங்கள். 10 முதல் 12 சதவீதம் நல்லது. 15க்கு மேல் காட்டினால் வேண்டாம்: ஏசி அறைக்குள் மரம் சுருங்கும், கழுந்து துளைக்குள் தளரும்.

பின்னலில் இரண்டு முறை உண்டு. சட்டத்தில் சுற்றிலும் துளை போட்டு, நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஆறு சுற்று கையால் பின்னி ஓரம் கட்டுவது பழைய முறை. மெஷினில் நெய்த பிரம்பு வலையைச் சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் அழுத்தி, மேலே பிரம்புக் குச்சி வைத்து அடைப்பது மற்றது. இதுவும் மோசமில்லை, மாற்றுவது சுலபம். வலையை ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்தால் மட்டும் வாங்காதீர்கள். உட்கார உட்கார பின் பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பின்னலில் துளைகள் சட்டத்தின் உள்விளிம்பை மிகவும் நெருங்கியிருக்கக் கூடாது. நெருங்கினால், தபால்தலைத் தாள் துளை வரிசையில் கிழிவது போல மரம் அந்த வரிசையிலேயே பிளக்கும். உள்விளிம்பு விரலுக்கு மழுக்கமாக இருக்கட்டும், கூராக இருந்தால் பிரம்பு அங்கேதான் அறும். பிளாஸ்டிக் பிரம்பு ஒரே அகலத்தில், ஒரே நிறத்தில், கணுவே இல்லாமல் இருக்கும்.

கடைசியாக அளவு. உயரம் சுமார் 80 செ.மீ., இருக்கை 43 முதல் 45 செ.மீ. சாப்பாட்டு மேசைக்கு என்றால் கையின் உயரத்தையும் மேசைச் சட்டத்தின் அடியில் உள்ள இடைவெளியையும் அளந்துவிட்டுப் போங்கள். கை முட்டிக்கொண்டு நாற்காலி உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கும் ஏமாற்றம்.

ஆசாரியிடம் செய்யக் கொடுப்பதென்றால்

படத்தை மட்டும் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்துச் செய்தால் முதுகின் சாய்வும் காலின் கனமும் தவறிப்போகும். நன்றாகச் செய்த ஒரு நாற்காலியை நேரில் அளக்க வழி செய்யுங்கள். ரசீதில் எழுதி வாங்க வேண்டியவை: தேக்கு வைரம் மட்டும், வெள்ளை கூடாது, ஈரம் 12 சதவீதத்துக்குள், எல்லா மூட்டும் கழுந்து-துளை, பிரம்பு கைப்பின்னல், பாலிஷுக்கு முன் ஒரு தடவை பார்வையிட அனுமதி. இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர். பாலிஷ் அடித்த பிறகு எல்லா நாற்காலியும் அழகுதான்.

ஆறு வேண்டுமானாலும் முதலில் ஒன்று செய்யச் சொல்லி, இரண்டு வாரம் தினமும் உட்கார்ந்து பாருங்கள். முழங்காலின் பின்புறம் முன்சட்டம் உறுத்துகிறதா, முதுகு நடுவில் படுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். திருத்தம் சொல்லி மீதி ஐந்தைச் செய்யக் கொடுக்கலாம். பிரம்புக்கு மயிலாடுதுறை மாவட்டத்துத் தைக்கால் கைவினைஞர்கள் பெயர் பெற்றவர்கள். நாற்காலி பின்னுவதில் தேர்ந்த பார்வையற்ற கைவினைஞர்களும் பல ஊர்களில் உண்டு, விரலால் தடவியே இழுவிசை பார்த்துவிடுவார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள்.

வாங்கிய பிறகு பின்னலின் மேல் ஏறி நிற்கவோ, முழங்கால் ஊன்றவோ கூடாது; உடலின் கனம் ஒரே புள்ளியில் இறங்கும். இருக்கை லேசாகத் தொய்ந்தால் உடனே மாற்ற வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பின்னலின் அடிப்புறத்தில் அரைமணி நேரம் போட்டுவையுங்கள். மேல்புறம் பளபளப்பான தோல், அது தண்ணீரை உறிஞ்சாது. பிறகு யாரும் உட்காராமல் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டால், உண்மையான பிரம்பு சுருங்கி மறுபடி விறைப்பாகிவிடும்.