குழாயடியிலிருந்து ஊலு மூடா வரை: நீரையும் பருவநிலையையும் கற்பிக்கும் வழி

பருவநிலை மாற்றம் என்றதும் பனிக்கரடியின் படத்தைத் திரையில் காட்டிப் பாடத்தைத் தொடங்குவது நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஆண்டு ஐந்தில் படிக்கும் பிள்ளைக்கு அது எங்கோ நடக்கும் கதை. வீட்டுத் தண்ணீர் மீட்டரிலிருந்து தொடங்கினால் பாடம் அவன் வாசலுக்கே வந்துவிடும்.

ஒரு நாள் மாலையும் மறுநாள் அதே நேரத்திலும் மீட்டரைப் பார்த்து எண்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டரையும் சிவப்பு எண்கள் அதற்குக் கீழான லிட்டர்க் கணக்கையும் காட்டும். வேறுபாட்டை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவரின் ஒரு நாள் பயன்பாடு கிடைக்கும். அடுக்குமாடியில் மீட்டர் பூட்டிய அறைக்குள் இருந்தால் மாதக் கட்டணச் சீட்டே போதும்.

அடுத்த கேள்வி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. தீவுப் பிள்ளைகள் பெரும்பாலும் கெக் லோக் சீ கோயிலுக்கு மேலேயுள்ள ஆயர் ஈத்தாம் அணையைத்தான் சொல்வார்கள். உண்மையில் மாநிலத்தின் நீர்த் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடா ஆறே தருகிறது. கெடாவின் ஊலு மூடா காட்டில் பிறந்து, நெல் வயல்களுக்கும் பாய்ந்த பிறகு வரும் அந்த நீர், பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியே தீவை அடைகிறது. இந்தப் பாதையை வரைபடத்தில் விரலால் தொடரச் செய்யுங்கள். அண்டை மாநிலத்துக் காட்டுக்கும் தங்கள் குளியலறைக்கும் உள்ள உறவு அப்போதே விளங்கும்.

காடு என்ன செய்கிறது என்பதைச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. இரண்டு தட்டுகளில் ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண்ணையும் மற்றொன்றில் வெறும் மண்ணையும் நிரப்பிச் சற்றே சாய்த்து வைத்து, கீழ்விளிம்பில் கண்ணாடிக் குவளைகளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் நீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் உடனே வழியும். புல் தட்டிலிருந்து தெளிந்த நீர் நெடுநேரம் சொட்டும். பின்னர், புதிய மண்ணை இட்டு, அதே ஒரு லிட்டரை ஒரே மூச்சில் கொட்டிப் பாருங்கள்: இம்முறை புல் தட்டும் திணறும். பருவநிலை மாற்றத்தை நுழைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு மிகுகிறது. ஆண்டின் மொத்த மழை மாறாவிட்டாலும், வறண்ட மாதங்களுக்கு அணையில் நீர் மிஞ்சுவது அது எப்படிப் பெய்கிறது என்பதைப் பொறுத்தது.

2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தைப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரலாம். அந்த ஒரு மழையைக் காட்டி, இதுதான் பருவநிலை மாற்றம் என்று முடிவு கட்ட விடாதீர்கள். ஒரு நாள் மழை வானிலை, பருவநிலையைப் பேச 30 ஆண்டுக் கணக்கு வேண்டும்.

மழையை அளக்கும் மழைமானி ஒன்றைச் செய்து, அந்தக் கணக்கை வகுப்பே தொடங்கலாம். நேரான பக்கங்களுள்ள நெகிழிப் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, மேடு பள்ளமான அடிப்பகுதியைக் கூழாங்கற்களாலும் நீராலும் நிரப்பி, அந்த நீர்மட்டத்தில் சுழியக் கோடிட்டு, மேலே மில்லிமீட்டர் அளவுகளைக் குறியுங்கள். நான் முதன்முறை கூரை விளிம்பை ஒட்டி வைத்துவிட்டேன். கூரை நீரெல்லாம் சேர்ந்ததால், சாதாரண மழைக்கே போத்தல் நிரம்பி வழிந்தது. திறந்த வெளியில், தினமும் ஒரே நேரத்தில் அளவெடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். இதைப் பிள்ளைகளே கணக்கிட்டு, மீட்டரில் கண்ட வீட்டுப் பயன்பாட்டோடு ஒப்பிடட்டும்.

பதிவேட்டை அடுத்த ஆண்டு வகுப்பிடம் ஒப்படையுங்கள். மழைமானி வைத்த இடத்தை அதன் முதல் பக்கத்தில் வரைந்து வைப்பது அவசியம். இடம் மாறினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது.