பழைய கார் டேஷ்போர்டு: மீட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எந்தப் பழைய காராக இருந்தாலும் சரி, புதுச்சேரியிலும் கடலூரிலும் அதை வைத்திருப்பவர்களுக்கு என்ஜினைவிட அதிகம் தலைவலி கொடுப்பது டேஷ்போர்டுதான். பெட்ரோல் முள் பாதியிலேயே நிற்கும். ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் எகிறும். இண்டிகேட்டர் போட்டால் பேனல் விளக்கும் கூடவே மினுக்கும். உடனே மீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி அதைக் கழற்றுகிறார்கள். சென்னை புதுப்பேட்டை வரை அலைந்து வேறு மீட்டர் வாங்கி வந்து மாட்டினாலும் அதே கோளாறு அப்படியே நிற்கும். பெரும்பாலான நேரம் மீட்டர் மேல் தப்பே இருக்காது. கோளாறு எர்த்தில் இருக்கும்.

பழைய காரில் ஒரு பல்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒயர்தான் போகும். கரண்ட் திரும்பி வரும் வழி வண்டியின் பாடிதான், இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். பல்பு ஹோல்டர், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூ, டேஷ்போர்டு தகடு, பாடி, பேட்டரி எர்த் ஒயர் என்று ஒவ்வொரு இணைப்பிலும் உலோகம் உலோகத்தைத் தொட்டாக வேண்டும். நம் ஊரில் கடற்காற்று இந்த இடுக்குகளில்தான் வேலையைக் காட்டுகிறது. ஈ.சி.ஆர். ஓரத்திலோ தேவனாம்பட்டினம் பக்கத்திலோ நிறுத்தும் வண்டியில் படியும் உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் துருவும், பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பும் ஏறும். நேர்வழி அடைபட்டதும் கரண்ட் பக்கத்துப் பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். இண்டிகேட்டரோடு பேனல் விளக்கு மினுக்குவது இதனால்தான்.

எர்த்தைச் சோதிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மல்டிமீட்டரைப் 'பீப்' சத்தம் வரும் நிலையில் வைத்துத் தொட்டுப் பார்த்து, சத்தம் வந்ததும் எர்த் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஒயரில் இருபது இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். ஆனால் பல்புக்கு வேண்டிய முழுக் கரண்ட் அந்த ஒற்றை இழையில் சரியாகப் போகாமல் இருக்கலாம். எனவே விளக்கை எரியவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் எர்த் முளையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, முளையிலேயே. மறுமுனையை எரியும் பல்பின் ஹோல்டர் உலோகத்தில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. ஒரு வோல்ட், அதற்கு மேல் என்றால் அந்த வோல்ட் முழுவதும் வழியிலேயே வீணாகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும்.

டிங்கரிங், பெயிண்டிங் முடித்து வந்த வண்டியில் விளக்கெல்லாம் மங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். எர்த் ஸ்க்ரூவுக்கு அடியிலும் சேர்த்தே பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, ஒயர் நுனியில் புது திம்பிள் (ஸ்க்ரூ நுழையும் உலோக வளையம்) போட்டு, பல் வாஷரோடு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் உப்புக்காற்று உள்ளே போகாது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் எர்த் பட்டையையும் இதோடு பாருங்கள். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போகும். சாவியைத் திருப்பும்போது அந்தக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ சந்தேகமே வேண்டாம், அந்தப் பட்டைதான்.

சரி, இப்போது மீட்டருக்கு வருவோம். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால் இரண்டு மீட்டரும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பல கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர். சாவி போட்டதும் முள் மெதுவாக ஏறுகிற வண்டி என்றால் பெரும்பாலும் இது இருக்கும். உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து கரண்ட்டை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். டிஜிட்டல் மீட்டரை வைத்தால் எண் 0-க்கும் 12-க்கும் குதிக்கும். பலர் இதைப் பார்த்து ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். அது வேலை செய்யும் விதமே அப்படித்தான். டெஸ்ட் லேம்ப் வைத்தால் மினுக்க வேண்டும், அவ்வளவுதான். குதிக்காமல் 12 வோல்ட்டிலேயே நின்று இரண்டு முள்ளும் அதிகமாகக் காட்டினால் ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போயிருக்கும், அல்லது உள்ளே காண்டாக்ட் ஒட்டியிருக்கும். இந்த வகை மீட்டருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. நல்ல மீட்டரும் உள்ளே கருகிவிடும். இன்று அதற்கு மாற்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு முள் மட்டும் தவறு என்றால் அதன் சென்டரை, அதாவது டாங்கிலோ என்ஜினிலோ இருந்து மீட்டருக்கு அளவை அனுப்பும் பாகத்தை, சோதியுங்கள். இக்னிஷனை அணைத்துவிட்டு, சென்டரில் இருந்து ஒயரைக் கழற்றி சேஸிஸில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, பிறகு சாவியைப் போடுங்கள். இந்த ஈருலோக வகையில் முள் மேலே ஏறத் தொடங்கும். பாதியைத் தாண்டியதும் சாவியை அணைத்துவிடுங்கள். ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்டரிலோ டாங்கின் எர்த்திலோ. சாவி போட்ட நிலையில் டாங்க் மேலேயே ஒயரை உரசிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும், தயவுசெய்து செய்யாதீர்கள். டெம்பரேச்சர் சென்டரின் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுவதும் வேண்டாம். அந்த மரை வழியாகத்தான் அதற்கு எர்த்.

ஃபியூஸ் விஷயத்தில் நல்ல மெக்கானிக்குகளே தவறுவது உண்டு. 35 என்று எழுதிய பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ் 35 ஆம்பியரில் எரிந்துபோகும், தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து இன்றைய 35-ஐப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். 15 போதும். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இரவில் ஈ.சி.ஆரில் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுகிறார்கள். பழைய 45 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து ஏழரை ஆம்பியர் போனது, இதற்குப் பதினாறைத் தாண்டும். பழைய வண்டிகளில் அந்தக் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சு வழியாகவே போகும். சுவிட்சு உருகும். முதலில் எர்த்தைச் சரிசெய்து, ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்சு) போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக ஒயர் இழுங்கள். அப்புறம் பழைய பல்பே போதும் என்று தோன்றலாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பல தெருக்களில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெயிலில் காய்ந்து ஸ்டார்ட் ஆனதும் தப்பித்தோம் என்று விட்டவர்கள் ஒயரிங்கை இப்போதாவது பார்க்க வேண்டும். தண்ணீர் ஒயரின் உறைக்குள் செம்பு இழை வழியாக ஏறி, வெளியே தெரியாமல் கருக்க வைக்கும். நுனியை வெட்டிப் பாருங்கள், செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் பசை இளகி டேப் பிரிந்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஆம்மீட்டர் (கரண்ட் அளவைக் காட்டும் மீட்டர்) உள்ள பழைய வண்டிகளில் அதற்குப் போகும் ஒயருக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. ஸ்பானர் பட்டால் அந்த இடத்திலேயே ஒயரிங் எரியும்.

கடைசியாக எல்.இ.டி. இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்ட்டை வைத்தே வேலை செய்வதால், எல்.இ.டி. போட்டால் வேகமாக அடிக்கும் அல்லது அப்படியே நிற்கும். அதற்கு எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்த) ஓடும் வண்டியாக இருந்தால் சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாது. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றாதீர்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில், ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு முதல் கரண்ட் பெரும்பாலும் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. அங்கே எல்.இ.டி. வைத்தாலோ பல்பு எரிந்துபோனாலோ என்ஜின் ஓடியும் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். எரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் அந்தப் பல்பை மாற்றிப் பாருங்கள்.