சோறு மறுபடி தட்டுக்கு வந்த கதை

சர்க்கரை நோய்க்காக எட்டு மாதம் சோறு, இட்லி, தோசை எதையும் தொடவில்லை. முட்டை, மீன், கீரை, காய்தான். எடை 14 கிலோ குறைந்தது, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 8.9-லிருந்து 5.9-க்கு இறங்கியது. அந்தத் தைரியத்தில் பொங்கலன்று ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டர் 243 காட்டியது. மறுநாள் எடையும் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. இடிந்துபோனேன்.

மருத்துவர் சிரித்தார். கூடியது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர் என்றார். உடலில் ஒரு கிராம் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்ந்தால் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்குமாம். மாவுச்சத்தை மறந்திருந்த உடல் முதல் சில நாள் தடுமாறவும் செய்யுமாம். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள் என்றார்.

பிறகு மதியம் மட்டும் 50 கிராம் சோறு, தராசில் நிறுத்து. “இது என்ன நகைக்கடையா?” என்றாள் மனைவி. சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்தேன். ஏற்றம் 40-க்குள் நின்றால் அடுத்த வாரம் 25 கிராம் கூட்டுவேன். தாண்டினால் அதே அளவுதான். பொரியலையும் மீனையும் முடித்துவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டதும், பின்பு கால்மணி நேரம் நடந்ததும் நன்றாகக் கைகொடுத்தன.

கேழ்வரகுக் கூழ்தான் என்னை ஏமாற்றியது. ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று தெருவே சொல்கிறது. எனக்கோ சோற்றைவிட அதிகம் ஏற்றியது. மாவாக அரைத்துக் காய்ச்சியது வேகமாகச் செரிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது மதியம் 125 கிராம் சோறு. இரவில் இன்னும் கிடையாது.