கர்சர் துள்ளுகிறதா? மவுசைக் குப்பையில் போடுவதற்கு முன்

கர்சர் தன் போக்கில் திரையின் மூலைக்கு ஓடினால், பலர் முதலில் செய்வது மவுசை மேசையில் இரண்டு தட்டு தட்டுவது. அதற்கும் மசியாவிட்டால் மவுசை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது. சாதாரண மவுஸ் ஒன்று விண்டோஸோடு வரும் பொது டிரைவரிலேயே ஓடுகிறது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த அந்த டிரைவர் ஒரே இரவில் கெடுவது அபூர்வம். அரை மணி நேரத்தை அதில் கரைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

குற்றவாளி மவுஸ்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். லேப்டாப் என்றால் மவுசைக் கழற்றிவிட்டுச் சும்மா பாருங்கள். கர்சர் இன்னமும் நகர்ந்தால் பழி டச்பேடின்மேல் விழ வேண்டும், அல்லது தொடுதிரையின்மேல். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை டச்பேடில் உரசுவதும், அதன்மேல் ஈரம் படிந்திருப்பதும் போதும், கர்சர் அலைபாயும். கழற்றியதும் அமைதியாகிவிட்டால், அதே மவுசை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் துள்ளினால்தான் மவுசைக் குறை சொல்லலாம்.

அப்போதும் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம். மவுசின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. சிறு விளக்கொன்று மேசைப்பரப்பில் ஒளி பாய்ச்ச, கேமரா விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களில் பரப்பின் சொரசொரப்பு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பார்த்தே நகர்வைக் கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் ஒப்பிட எதுவுமில்லை. பளபளக்கும் பரப்பில் ஒளி தாறுமாறாகத் தெறிக்கும். அங்கே கர்சர் தடுமாறுவது மவுசின் பிழையன்று. ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் தேவைப்படுவது ஒரு மவுஸ் பேட், புதிய மவுஸ் அல்ல.

தாளிலும் துள்ளினால் மவுசைத் திருப்பி லென்ஸ் குழியைப் பாருங்கள். என் மேசையில் ஒருமுறை கர்சர் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. மவுசைக் கையில் தூக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. குழிக்குள் ஒரே ஒரு முடி, ஒரு முனை ஒட்டிக்கொண்டு மறுமுனை ஆடிக்கொண்டிருந்தது! கேமராவுக்கு அந்த ஆட்டம் மேசையே நகர்வதுபோலத் தெரிந்திருக்கிறது. இதை எடுக்க வாயால் ஊதுவது பலரின் பழக்கம். எச்சில் துளி லென்ஸில் படிந்து நிலைமை மோசமாகும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் தெளிப்பது அதைவிட மோசம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்ல எடுங்கள். பிசுக்கு இருந்தால் குச்சியில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: லேசர் மவுஸ்களில் ஒளி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை, செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். எரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

வயர்லெஸ் மவுசில் பேட்டரி தளர்ந்தால் கர்சர் தடங்கித் தடங்கி நகரும் என்பது எல்லோரும் அறிந்ததுதான். பேட்டரியைப் புதிதாக மாற்றியும் தடங்குகிறதே என்று வருபவர்களிடம் ரிசீவரை, அதாவது மவுசின் சிக்னலை வாங்கும் அந்தக் குட்டி யுஎஸ்பி துண்டை, எங்கே செருகியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் கணினியின் முதுகுப்புறத்தில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த மவுஸ்கள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இயங்கிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி 3.0 இணைப்பு அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் ரிசீவரை மவுசுக்கு அருகே கொண்டுவாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

கர்சர் துள்ளாமல், கைக்கு மிஞ்சிய வேகத்தில் மட்டும் பறந்தால் அது கோளாறே அல்ல. சில மவுஸ்களில் சக்கரத்துக்குப் பின்னால் கர்சரின் வேகத்தை மாற்றும் டிபிஐ பொத்தான் இருக்கும்; பெரும்பாலும் அதில் விரல் பட்டிருக்கும். பழைய வேகம் திரும்பும்வரை மறுபடி மறுபடி அழுத்திப் பாருங்கள்.

வயர் உள்ள மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தால், மவுசிலிருந்து வயர் வெளிவரும் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்தபடி கர்சரைக் கவனியுங்கள். வளைக்கும்போதெல்லாம் அது செத்துப் பிழைத்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இங்கே மட்டும் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். வயரை மாற்றுங்கள், இல்லையென்றால் மவுசை மாற்றுங்கள்.